கோன் தேய்ந்தால் கூலி தேயும்

காலை 6 மணி ஷிப்டு. 5.50-க்கெல்லாம் கேட்டுக்குள் இருக்க வேண்டும். கிராமத்திலிருந்து மில்லுக்குப் பதினான்கு கிலோமீட்டர். நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர், வயது ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருஷமாக இந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் போய் வருகிறார். சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், பாதி வழியில் பின் சக்கரம் ‘கடக்’ என்று ஒரு சப்தம் கொடுத்து நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார், உருளவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். போய்ச் சேர்ந்தபோது மணி 6.25. கேட் மூடியாகிவிட்டது. வாட்ச்மேன் நல்ல மனிதர்தான். ஆனால் உத்தரவு அவர் கையில் இல்லை. அன்றைய சம்பளம் போயிற்று.

அன்று மாலை சைக்கிள் கடையில் பிரித்துப் பார்த்தார்கள். பின் ஹப்பின் கோன் விண்டு கிடந்தது. மூன்று குண்டுகள் பிளந்து, அந்தச் சில்லுகள் கப்பையும் உழுது வைத்திருந்தன. ஹப்பையே மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். ஹப்பை மாற்றுவதென்றால் போக்ஸ் கம்பி அத்தனையும் பிரித்துக் கோர்க்க வேண்டும். தீபாவளி கழிந்த வாரமே பிரித்துப் பார்த்து, ஒரு கோனும் ஒரு பொட்டலம் குண்டும் மாற்றியிருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசோடு முடிந்திருக்கும்.

அவரவர் அசட்டைக்கு அவரவர் அனுபவிக்க வேண்டியதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த மில்லில் அதிகாரிகளின் கார்கள் நிற்பதற்குத் தகரக் கொட்டகை இருக்கிறது. தொழிலாளர்களின் சைக்கிள்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, திறந்த வானத்தின் கீழ் நிற்கின்றன. ஷிப்டு முழுவதும் மழை அடித்தால் ஷிப்டு முழுவதும் நனைகின்றன. உள்ளே ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் நாள் குறித்து ஆயில் போட ஆயிலர் உண்டு, அட்டவணை உண்டு, தவறினால் மெமோ உண்டு. ஏனென்றால் ஸ்பிண்டில் நின்றால் முதலாளிக்கு நஷ்டம். ஸ்பிண்டிலை ஓட்டுகிற மனிதனைக் கொண்டுவந்து சேர்க்கிற சக்கரத்துக்கு மட்டும் அட்டவணையும் இல்லை, கூரையும் இல்லை. அது நின்றால் நஷ்டம் தொழிலாளிக்குத்தானே!

இன்று பலர் மோட்டார் சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் போய்விட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் போகாதவர்கள் யார்? ஒப்பந்தக் கூலிகள், இரவுக் காவலர்கள், வயதான நெசவாளிகள், நடவுக்கும் அறுப்புக்கும் பத்து மைல் சுற்றளவில் வேலை தேடிப் போகிற விவசாயத் தொழிலாளிகள். பெட்ரோலுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களே சைக்கிளில் மிஞ்சியிருக்கிறார்கள். ஆகவேதான் இதை எழுதுகிறோம். ‘அரசியல் பேசுகிற பத்திரிகையில் கிரீஸுக்கு என்ன வேலை?’ என்று கேட்கிற நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். அவர்கள் அநேகமாகப் பஸ்ஸில் போகிறவர்களாக இருப்பார்கள்.

சரி, சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது?

மாட்டு வண்டி ஓட்டிய விவசாயத் தோழர்களுக்கு இருசு தெரியும், கடையாணி தெரியும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டது தெரியும். அங்கே இரும்பு இரும்பின் மேல் உரசிக்கொண்டே சுற்றுகிறது. மை காய்ந்தால் வண்டி ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும். மாடு நுரை தள்ளும். சைக்கிளில் மாடு நாம்தான். ஆகவே அங்கே உரசலை உருளலாக மாற்றினார்கள். கப்புக்கும் கோனுக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள். பெரிய மரத் துண்டை இழுக்க முடியாதபோது அடியில் உருட்டுக் கட்டை போட்டுத் தள்ளுவோமே, அதே தத்துவம்தான்.

இது யாருடைய மூளையில் உதித்தது? 1869-ல் பாரிஸில் சைக்கிள் பட்டறை வைத்திருந்த ஜூல் சூரிரே என்ற மெக்கானிக் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அதே வருஷம் நவம்பர் 7-ந் தேதி, பாரிஸிலிருந்து ரூவான் நகரம் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. ஜேம்ஸ் மூர் என்ற இளைஞர் குண்டு வைத்த சக்கரத்தில் ஏறி ஜெயித்தார். அந்தக் குண்டுகளைப் பாரிஸ் சிறை ஒன்றில் கைதிகள் கையாலேயே தேய்த்து உருட்டினார்கள் என்று சைக்கிள் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரியோ, கையால் தேய்த்த குண்டு இரண்டு ஒரே அளவாக இராது என்பது மட்டும் நிச்சயம். 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் என்பவர் குண்டுகளை ஒரே அளவில் அரைக்கிற யந்திரத்தைச் செய்தார். அதற்குப் பிறகே குண்டு மலிந்தது. சைக்கிளும் உழைப்பாளி வாங்கக்கூடிய பொருளாக மாற வழி பிறந்தது.

மில் தோழர்களுக்கு இன்னொரு சங்கதி. இன்று உங்கள் யந்திரங்களில் எஸ்.கே.எஃப். என்று பொறித்த பேரிங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலபுருஷர் ஸ்வென் விங்க்விஸ்ட், சுவீடனில் கோதன்பர்க் நகரத்து நூல் ஆலை ஒன்றில் யந்திரப் பராமரிப்புப் பார்த்தவர். ஆலை நின்ற மண் களிமண். கட்டிடம் அசைய அசைய, மேலே ஓடுகிற நீண்ட ஷாஃப்டு வளையும்; பேரிங்குகள் சூடேறி நாசமாகும். அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1907-ல், ஷாஃப்டு சாய்ந்தாலும் தானே சாய்ந்துகொடுக்கிற இரட்டை வரிசைக் குண்டுப் பேரிங்கைக் கண்டுபிடித்தார். மில் ஷெட்டில் எண்ணெய்க் கறையோடு நின்றவனின் கண்ணுக்குத்தான் அது பட்டது.

நம் சைக்கிளுக்கு வருவோம். நாட்டில் ஓடுகிற சாதாரண 28 அங்குலச் சைக்கிளில் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. கால் அங்குலக் குண்டு. பெடல் சுற்றுகிற அச்சில் பக்கத்துக்கு 11, அதுவும் கால் அங்குலமே. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. கப்பில் இன்னும் ஒரு குண்டு நுழையும் போல இடம் தெரியும். ஆசைப்பட்டுத் திணிக்கக் கூடாது. திணித்தால் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உருளாமல் உரசும்.

தேய்மானம் எங்கே முதலில் வரும்? கோனில். அதற்குக் காரணம் உண்டு. சக்கரம் சுற்றும்போது ஹப்பும் கப்பும் சேர்ந்து சுற்றுகின்றன. ஆகவே கப்பின் எல்லாப் பக்கமும் முறை வைத்துப் பாரம் தாங்குகிறது. அச்சும் கோனும் சுற்றுவதில்லை. உங்கள் எடையும், கேரியரில் இருக்கும் மூட்டையின் எடையும், கோனின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் வருஷக் கணக்காக உட்கார்ந்திருக்கின்றன. பழைய கோனைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். மறுபக்கம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கும். நம் கிராமத்திலும் பாரத்தை யார் தூக்குகிறார்கள் என்று பார்த்தால் கதை இதுதான்.

குழி விழாத கோன் என்றால், அச்சைப் பாதித் திருப்பு திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் அடியில் வரும், ஆயுள் கூடும். குழி விழுந்துவிட்டதா? இரக்கம் காட்டாமல் எறிந்துவிட வேண்டும். குழியிலிருந்து பெயர்ந்த எஃகுத் தூள் அரம் மாதிரி வேலை செய்து கப்பைத் தின்னும். கோன் மலிவு, மாற்றுவது சுலபம். கப் ஹப்போடு இறுக அடித்தது. அது போனால் ஹப் போயிற்று. குண்டும் அப்படியே. ஒன்று உடைந்தது என்று ஒரே ஒரு புதுக் குண்டைப் பழையதோடு சேர்க்கிறார்கள். தேய்ந்த குண்டுகளுக்கு நடுவில் புதுக் குண்டு மயிரிழை பெரிதாக இருக்கும். மற்றவை சும்மா இருக்க, பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். கொஞ்ச நாளில் அதுவும் உடையும். மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும்.

நோய் வருமுன் அறிவதற்குக் கடைக்காரர் தேவையில்லை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது. பிறகு மெல்லச் சுழற்றிவிட்டு, கையை ஃபோர்க்கின் மேல் வையுங்கள். மணல் அரைபடுவது போல் கைக்குத் தெரிந்தால் உள்ளே அழுக்கோ குழியோ இருக்கிறது. இன்னொரு சோதனை அழகானது. முன் சக்கரத்தைத் தூக்கி வால்வை ஒரு பக்கமாக நிறுத்தி விட்டுவிடுங்கள். பேரிங் சரியாக இருந்தால் அந்தச் சின்ன வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாகத் திரும்பி, வால்வு கீழே வந்து நிற்கும். நின்ற இடத்திலேயே நின்றால் கோன் அதிகமாக இறுகிவிட்டது என்று அர்த்தம்.

இறுக்கம் தளர்வைவிடப் பொல்லாதது. ஆடுகிற சக்கரம் சப்தம் போட்டுச் சொல்லும். இறுகிய சக்கரம் ஊமையாக இருந்து கோனைக் கொல்லும், முழங்காலையும் கொல்லும். லாக் நட்டையோ, அது இல்லாத முன் சக்கரத்தில் ஃபோர்க் நட்டையோ முறுக்கும்போது கோனும் கூடக் கொஞ்சம் இறுகும். ஆகவே முதலில் மயிரிழை தளர்வாக வைத்துக்கொண்டு பிறகு பூட்ட வேண்டும். ஒரே தடவையில் வராது. மூன்று நான்கு தடவை பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம்: அடுப்படியில் எது இருக்கிறதோ அதை ஊற்றுவது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய ஹப்புகளில் நடுவில் ஒரு துளையும் அதை மூடுகிற கிளிப்பும் இருக்கும். அது அழகுக்கு அல்ல. வாரம் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுவதற்கு. துளை இல்லாத ஹப்புக்கு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைப்பதே வழி. ஃப்ரீவீலுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது. உள்ளே இருக்கிற சிறு பிடிப்புப் பல் ஒட்டிக்கொண்டு பெடல் வெறுமனே சுற்றும். அதற்கு இளகிய எண்ணெய் போதும்.

மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விசேஷத் தொந்தரவும் உண்டு. துடைக்க வேஸ்ட் பஞ்சு கையருகே கிடைக்கிறது. அதை ஹப்புக்குள் விட்டுத் துடைக்காதீர்கள். ஒரு இழை உள்ளே தங்கினாலும் அச்சைச் சுற்றிக்கொண்டு கிரீஸை உறிஞ்சிவிடும். பழைய வேட்டித் துணியே மேல். டெல்டாவில் வாய்க்காலில் இறங்கி ஏறுகிற தோழர்களுக்கோ தண்ணீர்தான் எதிரி. ஹப் முழுகுகிற அளவு நீரில் இறங்கினால் அதே வாரம் பிரித்துப் பார்க்க வேண்டும். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் துரு காத்திராது.

பெடல் அச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காட்டர் பின்னைக் கழற்ற எல்லோரும் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அடி எங்கே போகிறது? கிராங்க் வழியாக அச்சுக்கு, அச்சு வழியாகக் குண்டுக்கு, குண்டு வழியாகக் கப்புக்கு. ஒவ்வொரு அடிக்கும் குண்டு கப்பில் ஒரு பள்ளம் போடுகிறது. கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து அடித்தால் அதிர்ச்சி தரைக்குப் போய்விடும். நல்ல கடைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அதோடு, வலது பக்கக் கப் எதிர்த் திருகு. இடது பெடலும் எதிர்த் திருகு. தெரியாமல் பலம் காட்டிய எத்தனையோ வாலிபர்கள் மரையை அறுத்திருக்கிறார்கள். (நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர்தான்.)

பாரம் பற்றியும் சொல்ல வேண்டும். 1947-ல் சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரு நிபுணர்கள் வகுத்த கணக்கு இன்றும் பேரிங் தொழிலில் அடிப்படையாக இருக்கிறது. அதன்படி குண்டுப் பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகக் குறையாது. எட்டில் ஒரு பங்காகக் குறையும். பால்கேன் கட்டுகிறவர்களும், கேரியரில் இரண்டு மூட்டை ஏற்றுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்றாதீர்கள் என்று உபதேசம் செய்ய நாம் யார்? வயிறு ஏற்றச் சொல்கிறது. 1954-ல் தியன் பியன் பூ போர்முனைக்கு வியத்நாம் விவசாயிகள் சைக்கிளிலேயே 200 கிலோவுக்கு மேல் அரிசி கட்டி மலைப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏறி மிதிக்கவில்லை, ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டிக் கையால் தள்ளினார்கள். சட்டத்தையும் ஃபோர்க்கையும் பலப்படுத்தினார்கள். அதிகப் பாரம் ஏற்றுகிறவன் அதிகப் பராமரிப்பும் செய்தாக வேண்டும். மற்றவர் வருஷத்துக்கு ஒரு முறை ஹப்பைப் பிரித்தால் பால்காரத் தோழர் மூன்று முறை பிரிக்க வேண்டும்.

கடையில் வாங்குகிற சாமான் எப்படி இருக்கிறது? சைக்கிள் உதிரிப் பாகங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த தரங்கள் இருக்கின்றன. ஆனால் பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் வருகிற கோனை அரத்தால் உரசிப் பாருங்கள். சில கோன்களில் அரம் வெண்ணெயில் கத்தி போல் இறங்குகிறது. கடினமாக்காத எஃகு. ஆறு மாதம் தாங்காது. இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரும் கைத்தொழிலாளி; ஏஜண்டு கொடுத்ததை விற்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குறைந்த வரி நம் கைக்கு வந்ததா, நடுவில் எங்காவது தங்கிவிட்டதா என்று அடுத்த முறை கோன் வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

புதுச் சைக்கிள்களில் மூடிய பேரிங் வருகிறது. தூசி புகாது, வருஷக் கணக்கில் தொடவே வேண்டாம் என்கிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் போய்விட்டால் முழுசாகத் தட்டி எடுத்துப் புதிது அடிக்க வேண்டும். அதற்கான கருவி எல்லா ஊரிலும் இல்லை, அளவும் எல்லாக் கடையிலும் இல்லை. பழைய கப்பும் கோனும் அரச மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு ஸ்பானரால் சரிசெய்யக் கூடியவை. நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் அதுவே உகந்தது என்பது நம் அபிப்பிராயம். மாற்று அபிப்பிராயம் உள்ள தோழர்கள் எழுதலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் பல வீடுகளில் அந்தச் சைக்கிள் மூன்றாம் வருஷம் தாழ்வாரத்தில் துருவேறி நிற்பதைப் பார்க்கிறோம். பெரிய பழுது ஒன்றும் இராது. ஹப் காய்ந்து, மிதிக்கக் கனத்துப் போயிருக்கும். சைக்கிளோடு ஒரு கோன் ஸ்பானரும், வகுப்பில் ஒரு மணி நேரப் பாடமும் கொடுக்க என்ன செலவு? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட, ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எதிர்த்துக் கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஓட்டக் கற்றவர்களுக்குக் கோன் இறுக்கக் கற்பது பெரிய காரியமா? ஸ்பானர் பிடிப்பது ஆண்பிள்ளை வேலை என்று இன்னும் சொல்கிற வீடுகளில், தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிளைத் தள்ளுவது யார் என்று கேட்க வேண்டும்.

மில் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது தர்மம் அல்ல. சைக்கிளுக்கு ஒரு கூரை. மழைநீர் தேங்காத தரை. காற்று அடிக்க ஒரு பம்பு. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இது சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். ‘சில்லறை விஷயம்’ என்று அதிகாரிகள் சிரித்தால், அவர்கள் காரை ஒரு மழைக்காலம் சுவரோரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

சங்க அலுவலகங்கள் செய்யக்கூடியதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு மரப்பெட்டி, அதில் இரண்டு ஜோடி கோன் ஸ்பானர், ஒரு பெரிய ஸ்பானர், சுத்தியல், முட்டுக் கொடுக்கக் குழாய்த் துண்டு, ஒரு கிரீஸ் டப்பா, இரண்டு அளவிலும் குண்டுப் பொட்டலங்கள். பத்துப் பேர் பங்கு போட்டால் பீடிக் காசு. மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரட்டும். நமது ஊர்ச் சைக்கிள் கடைக்காரரையும் கூலி கொடுத்து அழையுங்கள். அவருக்கு ஒரு நாள் வருமானம், நமக்கு ஒரு நாள் பாடம். மண்ணெண்ணெய் முன்போல் கிடைப்பதில்லை; கழுவுவதற்கு அரை லிட்டர் டீசல் போதும். ஒரு பழைய தாம்பாளம் கொண்டுவாருங்கள், குண்டு உருண்டு ஓடாமல் இருக்க. அச்சை உருவுமுன் அடியில் துணி விரிக்க மறக்காதீர்கள். புல்லில் விழுந்த குண்டை எண்ணித் தேடிக்கொண்டிருந்தால் மத்தியானம் ஆகிவிடும்.